காற்றுக்கு முதுகு காட்டிய புகைபோக்கி

போன வாரம் கார்த்திக் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு உதவியாளராக வந்தவன்.

“அண்ணே, சத்துணவுக் கூடத்துக்கு கேஸ் வந்திருச்சு. பழைய மண் அடுப்ப இடிக்கணும்ங்கிறாக. ஓட்டுக்கு மேல ஒரு தகரத் தொப்பி சுத்திக்கிட்டு இருக்குல்ல, அது என்னண்ணே? யாரக் கேட்டாலும் உங்களக் கேக்கச் சொல்றாய்ங்க.”

“இடிங்க தம்பி. தாராளமா இடிங்க” என்றேன்.

நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பான் போல. “அப்ப அது என்னன்னு எழுதியாச்சும் குடுங்கண்ணே. இந்த வருசம் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம நம்ம பிள்ளைக முழிச்சுக்கிட்டு இருக்குக” என்றான். அதற்காக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு லாரியில் கிளீனராக ஏறினேன். கம்பம், குமுளி என்று கொஞ்ச காலம். பிறகு செங்கல் சூளை, டூரிங் டாக்கீஸ், திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடை. சூளையில் கால் வெந்தது. டாக்கீஸ்காரர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். எந்த ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அடிபம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அப்படித்தான் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தேன்.

பம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வாசர் போயிருச்சு” என்றேன். பின்னால் நின்ற ஒரு டீச்சர், “பாத்ததா, கேட்டதா?” என்றார். எனக்கு விளங்கவில்லை. “வாசர் போனத கண்ணால பாத்தீங்களா, இல்ல இப்படிச் சத்தம் வந்தா வாசர் போயிருக்கும்னு யாரும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

கழற்றிக் காட்டினேன். வாசர் போய்த்தான் இருந்தது. “இப்பப் பாத்தது” என்றார். அவர்தான் வசந்தா டீச்சர். அறிவியல் பாடம். ஆய்வக உதவியாளர் இடம் காலியாகக் கிடந்ததையும், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்பதையும் அவரே சொன்னார். சும்மா கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம் என்று சேர்ந்தேன்.

வசந்தா டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையில் சாக்பீஸ் இருக்கும், எழுதுவது குறைவு. சத்தம் போட மாட்டார். ஒரு பிள்ளை எதைச் சொன்னாலும் அந்த ஒரே கேள்விதான். பாத்ததா, கேட்டதா? கேட்டது என்றால், “அப்பப் போய்ப் பாத்துட்டு வா” என்று வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். வெயிலில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி எப்போதும் நாலைந்து பிள்ளைகள் எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிற வாத்தியார்கள் தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எரிபொருளை மிச்சப்படுத்துவது என்று தலைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அரிக்கேன் விளக்குக்குப் பின்னால் கண்ணாடி வைத்து வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது, சைக்கிள் மிதித்து பல்பு எரிப்பது, மரத்தூள் அடுப்பு. ராஜாங்கம் என்று ஒரு வாயாடிப் பையன் இருந்தான். “டீச்சர், வீட்டுப்பாடமே குடுக்காட்டி மண்ணெண்ணெய் முச்சூடும் மிச்சம்” என்றான்.

தவமணி என்ற பெண் கடைசியாக எழுந்தாள். “டீச்சர், நம்ம சத்துணவு அடுப்பு ரொம்ப விறகு திங்குது. செல்லம்மாக்காவுக்குக் கண்ணு போகுது” என்றாள்.

“பாத்ததா, கேட்டதா?”

“ரெண்டுந்தான் டீச்சர்.”

செல்லம்மாக்கா சத்துணவுச் சமையல்காரர். நடவு, களை என்று கூலிக்குப் போகிற குடும்பம். மாதச் சம்பளம் என்று அந்த வீட்டில் முதலில் வாங்கியவர் அவர்தான். வீட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். சத்துணவுக் கூடத்தில் பெரிய கோட்டை அடுப்பு ஒன்று இருந்தது. ஒரு சன்னல், ஒரு கதவு. உள்ளே போய்க் கிண்டிவிட்டு, மூச்சு வாங்க வெளியே ஓடி வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவார். பெரிய ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, புகையில் நிற்காதே அம்மா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புகையில் நிற்பதுதான் வேலை. அரிசியில் கல் தெரியாமல் போட ஆரம்பித்தார். சாப்பாடு மணியைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. அமைப்பாளர் சோலைமலை, “இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா நான் வேற ஆளு பாக்க வேண்டியிருக்கும்த்தா. எனக்கும் மேல ஆளு இருக்காகள்ல” என்று சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அவர் வேலை.

டீச்சர் உடனே அடுப்புக் கட்ட விடவில்லை. முதலில் பழைய அடுப்பைப் படிக்க வேண்டும் என்றார். விறகுக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தேன். அடுப்புக்குள் போகும் முன் ஒவ்வொரு கட்டையையும் பிள்ளைகள் நிறுத்தார்கள். சமையல் முடிந்து மிஞ்சியதைத் தண்ணீர் தெளித்து அணைக்க விட மாட்டார்கள், ஈரம் ஏறினால் நிறை பொய்யாகிவிடும். இடுக்கியால் எடுத்து மணலில் புதைத்து, ஆறிய பிறகு நிறுத்தார்கள். புகையை எப்படி அளப்பது என்று யோசித்து, ஓட்டுச் சில்லுக்குச் சுண்ணாம்பு அடித்து அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார்கள். உலை கொதிக்கிற வரைக்கும் ஒரு சில்லு. அதை இறக்கி ஆய்வகத்துச் சன்னலில் வரிசையாக வைத்தோம். எல்லாம் தார் பூசியது போல இருந்தன. செல்லம்மாக்கா ஒரு நாள் வந்து பார்த்தார். “ஆத்தாடி, இம்புட்டுமா எனக்குள்ள போயிருக்கு?” என்றார்.

பிறகுதான் அடுப்பு. ஒரே நெருப்பு, இரண்டு பானை. முதல் பானைக்குக் கீழே எரிகிற சூடு, உள்ளே ஒரு சுரங்கம் வழியாகப் போய் இரண்டாவது பானையைத் தொட்டுவிட்டு, புகைபோக்கி வழியே ஓட்டுக்கு மேலே போய்விட வேண்டும். கண்மாய் வண்டல், உமி, சாணி மூன்றையும் குழைத்துப் பிள்ளைகள் மிதித்தார்கள். பக்கத்துக் கட்டட வேலையில் மிஞ்சிய சுட்ட மண் குழாய்களைக் கேட்டு வாங்கிப் புகைபோக்கிக்கு வைத்தோம்.

அடுப்பை இரண்டு வாரமாவது நிழலில் காயவிட வேண்டும், அதுவரை பழைய அடுப்பு இருக்கட்டும் என்பது டீச்சர் கணக்கு. செல்லம்மாக்கா இரண்டுக்கும் மறுத்துவிட்டார்.

“அக்கினி மூலையிலதான் அடுப்பு இருக்கணும். பழச இடிச்சுட்டு அங்கனயே வைங்க. பொறகு, இந்த வாரத்தோட ஆனி முடியுது. ஆடி பொறந்துருச்சுன்னா புது அடுப்பு பத்த வைக்க மாட்டேன். ஆவணி வரைக்கும் நான் இந்தப் புகையில கெடக்கணுமா?”

ராஜாங்கம் சும்மா இருப்பானா? “டீச்சர், ஆடி ஆகாதுங்கிறது பாத்ததா, கேட்டதா?”

டீச்சர் வாய் திறக்கும் முன் செல்லம்மாக்காவே சொன்னார். “பாத்ததுதான்டா. எங்க தெருவுல ஆடியில அடுப்புப் போட்டாக.”

“என்னக்கா ஆச்சு?”

“என்ன ஆச்சு, எரியல.”

டீச்சர் ரொம்ப நேரம் யோசித்தார். ஆவணி என்றால் இன்னும் ஒரு மாதம். அந்தக் கண்கள் ஒரு மாதம் தாங்குமா என்பதுதான் அவருடைய கவலையாக இருந்திருக்கும். “அக்கா அடுப்பு. அவங்க சொல்ற மாதிரியே செய்வோம்” என்றார். பழையதை இடித்தோம். ஞாயிறு முழுக்கக் கட்டினோம். உள்ளே தணல் போட்டுக் கொஞ்சம் உலர்த்தினோம். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே பச்சை மண்.

ஆனி கடைசி நாள் காலை. மாவிலை கட்டி, அடுப்புக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, சின்னப் பானையில் பால் காய்ச்சினார் செல்லம்மாக்கா. புகை சரியாக மேலே போனது. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சோலைமலை கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு பெரிய சோற்றுப் பானையை ஏற்றி முழு நெருப்புப் போட்டோம். மண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகக் கிளம்பியது. சுரங்கம் முழுக்க வியர்த்து ஒழுகியது. சூடு மேலே ஏறவே இல்லை. பொழுது ஏற ஏற நாகமலைப் பக்கமிருந்து காற்று வேறு எழுந்தது. போன புகையெல்லாம் குழாய் வழியாகவே திரும்பி வந்தது. பழைய அடுப்பு எவ்வளவோ மேல் என்கிற அளவுக்குக் கூடம் இருண்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம். அடுப்பின் நெற்றியில் விரல் நுழைகிற வெடிப்பு. செல்லம்மாக்கா தட்டுத் தடுமாறி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் திறக்க முடியவில்லை.

“சோறு?” என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

திரும்பிப் போகப் பழைய அடுப்பு இல்லை. மைதானத்தில் செங்கல் கூட்டி நெருப்பு மூட்டினோம். காற்று அதைப் படுக்க வைத்தது. “போர்டு கொண்டாங்கடா!” என்று தவமணி கத்தினாள். ஒவ்வொரு வகுப்பாகப் போய்க் காலோடு இருந்த கரும்பலகைகளை எல்லாம் தூக்கி வந்து அடுப்பைச் சுற்றி நிறுத்தினார்கள். கணக்கும் இலக்கணமும் அழிக்காமல் இருந்த பலகைகளுக்கு நடுவே சோறு வெந்தது. சிறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று அழுதன. மணி அடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் பரிமாறினோம்.

சோலைமலை சத்தம் போடவில்லை. டீச்சரிடம் வந்து, “ரெண்டு வாரம் பாக்கிறேன் டீச்சர். அதுக்கடுத்த திங்கக்கிழமை விளாச்சேரிப் பக்கமிருந்து ஒரு அம்மாவ வரச் சொல்லிட்டேன்” என்றார். அடுப்பு சரியாகாவிட்டால் அந்த அம்மாவுக்கு வேலை. செல்லம்மாக்கா அதைக் கேட்டுக்கொண்டே தட்டுக் கழுவினார்.

எனக்கு அந்த நாளில் பழைய புத்தி வந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இதுபோல எத்தனையோ இடத்தில் ஏறியிருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் ஆய்வகத்துக்குப் போனேன். கருத்த ஓட்டுச் சில்லுகள் சன்னலில் இருந்தன.

ஆடி பிறந்துவிட்டதே, இனி எப்படி அடுப்பைத் தொடுவது என்று நான் கேட்டதற்குச் செல்லம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது ஆனியிலயே பத்த வச்ச அடுப்பு தம்பி. இனிமே அது பழைய அடுப்பு. பழசுக்கு ஆடி என்ன செய்யும்?” வண்டலும் சாணியும் குழைத்து வெடிப்பை அவரே பூசினார். சமையல் வெளியே, பலகைகளுக்கு நடுவே. உள்ளே தினமும் தேங்காய் மட்டையால் கொஞ்சமாகத் தீ. தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அடுப்பைச் செம்மண் நிறத்துக்குக் கொண்டுவந்தோம்.

காய்ந்த அடுப்பில் மறுபடி பெரிய பானை ஏற்றினோம். ஏறியதும் புகை அழகாக மேலே போனது. பெருமூச்சு விட்டோம். காற்று ஒரு தடவை வீசியது. மொத்தமும் உள்ளே வந்தது. காற்று நின்றால் போகும், வீசினால் வரும். ஈரம் பாதிக் காரணம்தான், மீதி காற்று.

அன்று மாலை டீச்சர் வகுப்பில் கேட்டார். “காத்துல நெருப்ப எப்படிக் காப்பாத்துறது?”

“சுத்தியும் செவுரு வச்சு டீச்சர்.”

“புகைபோக்கியச் சுத்தியும் செவுரு வச்சா புகை எங்கிட்டுப் போகும்?”

நான் பின்னால் நின்று பிப்பெட் துடைத்துக்கொண்டிருந்தேன். தவமணி எழுந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். “டீச்சர், பாண்டியண்ணே பீடி பத்த வைப்பாருல்ல, அது மாதிரி செய்யலாம்.”

வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடத்துக்குள் பீடி கூடாது. டீச்சர் சிரிக்கவில்லை. “பாத்ததா, கேட்டதா?”

“பாத்தது டீச்சர். தெனமும்.”

பிப்பெட் என் கையை விட்டு விழாதது அதிர்ஷ்டம்.

“எப்படிப் பத்த வைப்பாரு?”

“காத்துக்கு முதுகக் காட்டி நிப்பாரு. காத்து எங்கிட்டுத் திரும்புதோ அவரும் அங்கிட்டுத் திரும்பிக்கிருவாரு. புகைபோக்கியும் அப்படித் திரும்பினா?”

டீச்சர் என்னிடம், “வாங்க பாண்டி. செஞ்சு காட்டுங்க” என்றார். மொத்த வகுப்பும் மைதானத்துக்கு வந்தது. பீடியை வாயில் வைத்துக் குச்சி உரசினேன். முதல் குச்சி அணைந்தது. “காத்துல அணையலண்ணே, டீச்சர் பயத்துல அணைஞ்சிருச்சு!” என்றான் ராஜாங்கம். திரும்பி நின்று, கையைக் குவித்து, பற்ற வைத்தேன். புகை எனக்கு முன்னால், காற்றோடு போனது. பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையோடு யாரும் நான் பீடி குடித்ததைப் பார்த்ததில்லை.

“போதும், அணைச்சிருங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல இதுதான் கடைசி” என்றார் டீச்சர். கடைசிதான்.

ஒரு எண்ணெய் டின்னை எடுத்து ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்து, புகைபோக்கி உச்சியில் சைக்கிள் சக்கரத்தின் ஹப்பில் சுழலும்படி மாட்டினேன். பின்பக்கம் அல்ல, திறந்த வாய் இருக்கிற பக்கமே ஒரு தகர வால். காற்று வாலைத் தள்ளும்போது வாய் காற்று போகிற திசைக்குத் திரும்பிக்கொள்ளும், மூடிய முதுகு காற்றைத் தாங்கும். முதல் தடவை கிரீஸ் போட்டேன். சூட்டில் அது உருகி ஒழுகி, தொப்பி இறுகிக்கொண்டது. டீச்சர் பென்சில் கரியைப் பொடி செய்து போடச் சொன்னார். அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பென்சிலும் உருப்படியாக இல்லை. எல்லாம் பிளந்து கரி எடுத்தாகிவிட்டது. அந்தப் பொடியைத் திணித்த பிறகு, ஊதினாலே திரும்பியது.

திங்கட்கிழமை வந்தது. விளாச்சேரி அம்மா காலையிலேயே வந்து, மடியில் ஒரு தூக்குச் சட்டியோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சோலைமலை பக்கத்தில் நின்றார். ஆடிக் காற்று மைதானத்து மண்ணை வாரி இறைத்தது. பிள்ளைகள் விறகு நிறுத்து உள்ளே கொடுத்தார்கள். தவமணி வெள்ளைச் சில்லைத் தொங்கவிட்டாள். செல்லம்மாக்கா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று வீசியது. தொப்பி முதுகைக் காட்டியது. புகை கிழக்கே போனது. காற்று சுழன்று தெற்கிலிருந்து அடித்தது. தொப்பி ஒரு நொடி தயங்கித் திரும்பியது.

அப்போதுதான் சோலைமலை கவனித்தார். சத்துணவுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. அடுப்பு எரிகிற நேரத்தில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. சாத்தினால் உள்ளே இருக்கிறவர் உயிரோடு இருக்க முடியாது. பதறிப்போய் ஓடிக் கதவைத் தட்டினார்.

“ஏத்தா! எதுக்குக் கதவச் சாத்தியிருக்க?”

செல்லம்மாக்கா திறந்தார். முகத்தில் வியர்வைதான் இருந்தது. கண்ணில் நீர் இல்லை. “மண்ணு வாரி அடிக்குதுல்ல. சோத்துல விழுகாதா?” என்றார். திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி அடிப்பதற்கு முன்பே சாப்பாடு தயார். மிஞ்சிய விறகு குவியலாகக் கிடந்தது. சில்லு சாம்பல் நிறத்தில் இருந்தது, கறுப்பில்லை. டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கும் கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

சோலைமலை விளாச்சேரி அம்மாவிடம் போய்க் கையைப் பிசைந்தார். அந்த அம்மா சத்துணவுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். “எனக்குத் தெரிஞ்சுபோச்சுய்யா. இந்த மாதிரி அடுப்ப விட்டுட்டு எவ போவா?” என்றார். செல்லம்மாக்கா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டார். பஸ்ஸுக்குப் போகும்போது அவருடைய தூக்குச் சட்டியும் நிறைந்திருந்தது. அடுத்த மாதமே அவர் ஊர்ப் பள்ளியிலும் பிள்ளைகள் போய் ஓர் அடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள்.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்றுவிட்டார்கள். எரியாத அடுப்பைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? மினுக்கு மினுக்கென்று பல்பு எரிந்த ஒன்றுக்குக் கொடுத்தார்கள். ராஜாங்கம்தான் ரொம்ப வருத்தப்பட்டான். செல்லம்மாக்கா ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த அடுப்பில்தான் சமைத்தார். நானும் சும்மா கொஞ்ச நாள் என்று வந்தவன், அந்தப் பள்ளியிலேயே ஓய்வு பெற்றேன்.

செல்லம்மாக்கா இப்போது வண்டியூரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். கார்த்திக் போன் செய்த அன்று அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கேஸா? நல்லதாப் போச்சு. எம்புட்டுக் காலம் மண்ணக் கட்டி அழுகறது” என்றார். பிறகு, “என்னைக்குப் பத்த வைக்கிறாகளாம்?” என்று கேட்டார்.

“அடுத்த வாரம்க்கா.”

“அடுத்த வாரம் ஆடியில்ல தம்பி?”

நான் காலண்டரைப் பார்த்தேன். ஆமாம், ஆடிதான்.

“இந்த வாரமே பத்த வைக்கச் சொல்லு. ஆனா ஒண்ணு, ஈரம் கீரம் இருக்கான்னு நல்லாப் பாத்துக்கிறச் சொல்லு.”

கார்த்திக்கைக் கூப்பிட்டேன். “தம்பி, அடுப்புல எங்கிட்டும் ஈரம் இல்லையே?”

“கேஸ் அடுப்புல ஏதுண்ணே ஈரம்?”

“கேட்டதா, பாத்ததா?”

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்து சொன்னான். “பாத்துட்டேண்ணே. ஈரம் இல்ல.”

“அப்ப நாளைக்கே பத்த வைங்க” என்றேன்.